காங்காவுக்குப் புதுத் தோல்: இரண்டு டிரம்மை ஒப்பிட்டுப் பார்த்து மாற்றிய அனுபவம்

என் மரக் காங்காவில் (கையால் தட்டி வாசிக்கும் உயரமான கியூபா டிரம்) ஸ்லாப், அதாவது கூர்மையாக அறையும் அடி, இப்போது பளீரென்று விழுகிறது. ஓபன் டோன், அதாவது விரலால் விளிம்போரம் தட்டிக் கையை உடனே எடுத்துத் தோலை ஒலிக்க விடும் அடி, தட்டினால் சத்தம் முழுசாக வெளியே வந்து, அடங்கும்போதும் சுருதி கலையாமல் அடங்குகிறது. தோலை மாற்றியதால் வந்த பலன் இது. விளிம்பில் கொஞ்சம் உப்புத்தாள் வேலை செய்ததைத் தவிர கூட்டில் வேறு எதையும் தொடவில்லை. எந்தத் தோல், எந்தக் கனம் என்று முடிவெடுக்கத்தான் நேரம் அதிகம் போனது. அந்த வழியை வரிசையாக எழுதி வைக்கிறேன். கையில் காங்கா இருந்து, சத்தம் மந்தமாக இருக்கிறதே என்று வேறு டிரம் வாங்க நினைப்பவர்களுக்கு உதவும்.

என்னிடம் இரண்டு காங்கா. இரண்டுமே நடு அளவு, வாய் 11¾ அங்குலம். ஒன்று மரம், பீப்பாய் செய்வதுபோல் பட்டைகளை ஒட்டி வளைத்தது. சயாம் ஓக் என்ற பெயரில் விற்கும் மரம், உண்மையில் ரப்பர் மரம்தான். இன்னொன்று ஃபைபர்கிளாஸ். இரண்டிலும் ஐந்து கொக்கி போல்ட். மரத்தின் குறை: ஓபன் டோன் குட்டையாக, போர்வைக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்கும். ஸ்லாப் எவ்வளவு சரியாக அடித்தாலும் தட்டையாகவே விழும். ஃபைபரின் குறை நேர் எதிர். சத்தம் அதிகம், ஆனால் ஒரு டோன் அடங்குவதற்குள் அடுத்தது வந்து அதன்மேல் ஏறிக்கொள்ளும். காங்காவின் அடிப்படைத் தாளக்கட்டான தும்பாவோவை வாசிக்கும்போது அந்த எதிரொலி எல்லாவற்றையும் குழப்பிவிடும்.

மரம் என்றால் மெத்தென்று இருக்கும், ஃபைபர் என்றால் கணீரென்று இருக்கும் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அதை வைத்தே இந்த மரக்கூடே மந்தம் என்று நானும் எண்ணியிருந்தேன். ஆனால் உலகமே கேட்ட எத்தனையோ வாசிப்பு மரக் காங்காவில் பதிவாகியிருக்கிறது. அதனால் முதலில் சரியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

ஒப்பிடுவதில் மூன்று விஷயம் ஒன்றாக இருக்க வேண்டும். முதலாவது சுருதி. ஒரே டிரம்மையே அரைச்சுரம் ஏற்றினால் அதன் குணமே மாறியதுபோல் கேட்கும். வேறு வேறு சுருதியில் இருக்கும் இரண்டு டிரம்மைத் தட்டிப் பார்த்து இது நல்லது, அது மோசம் என்று சொல்வதில் பொருளில்லை. இரண்டாவது, அடிப்பக்க இடைவெளி. காங்காவின் அடி திறந்தது. தரையில் சமமாக வைத்துவிட்டால் பேஸ் வெளியே வர வழியில்லை. ஒன்று ஸ்டாண்டிலும் இன்னொன்று தரையிலும் இருந்தால் ஒப்பீடு அங்கேயே கெட்டது. மூன்றாவது, கேட்கும் இடம். வாசிப்பவரின் காது தோலுக்கு நேர் மேலே இருக்கிறது, எதிரில் இருப்பவருக்கு வருவது வேறு சத்தம். இரண்டு மீட்டர் தள்ளி, டிரம்மின் நடு உயரத்தில் போனை வைத்துப் பதிவு செய்து கேட்டேன்.

நடு காங்காவைப் பலரும் ஸி ஸ்வரத்துக்கு, அதாவது 262 ஹெர்ட்ஸ் அளவுக்கு வைப்பார்கள். பெரிய காங்காவான தும்பாவை அதற்குக் கீழே ஜி, 196 ஹெர்ட்ஸ். சிறிய காங்காவான குவின்டோவை மேலே ஈ, 330 ஹெர்ட்ஸ். காங்காவின் ஸி-யை ஸட்ஜமாக எடுத்துக்கொண்டால் கீழ்ப் பஞ்சமம், ஸட்ஜம், அந்தர காந்தாரம் என்று காதிலேயே பிடித்துவிடலாம். போனில் உள்ள டியூனர் காங்காவுக்கு முழுசாக உதவாது. மிருதங்கத்தின் வலந்தலையில் கரணை (நடுவில் இருக்கும் கருப்புப் பூச்சு) இருப்பதால் அதன் மேலோசைகள் (முக்கிய சுருதிக்கு மேலே கூடவே எழும் ஒலிகள்) சுருதியோடு ஒட்டி வரும், வெறும் தோலில் அப்படி வராது. டியூனரின் முள் தாவிக்கொண்டே இருக்கும். கீபோர்டில் ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, காதால் சேர்ப்பதே சுலபம்.

இங்கேயே முதல் தடயம் கிடைத்தது. ஃபைபர் சிரமமில்லாமல் ஸி-க்கு ஏறியது. மரக் காங்கா பி ஃப்ளாட், 233 ஹெர்ட்ஸ் வரைதான் வந்தது. அதற்கு மேல் நட் இறுகிப்போய் ஸ்பேனர் நகர மறுத்தது. பலவந்தப்படுத்தினால் போல்ட் வளையும் அல்லது கூட்டில் பிடிப்புத் தட்டு பிய்ந்து வரும். எனவே ஃபைபரையும் 233-க்கு இறக்கி, இரண்டையும் அங்கே வைத்துப் பதிவு செய்தேன். மரம் மந்தம், ஃபைபர் அலறல். எதிர்பார்த்ததுதான். ஆனால் கூட்டின் பங்கு எவ்வளவு, தோலின் பங்கு எவ்வளவு என்று இதிலிருந்து தெரியாது.

அதற்கு ஒரு வழி, இரண்டு கூட்டிலும் ஒரே தோலைப் போட்டுப் பார்ப்பது. இயற்கைத் தோலில் இது நடக்காது. ஒரு கூட்டின்மேல் ஈரமாக ஏற்றிக் காயவைத்த தோல் அந்த விளிம்பின் வடிவத்திலேயே இறுகிவிடும். வேறு டிரம்மில் போட்டால் சரியாக உட்காராது. செயற்கைத் தோலுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. பாலியஸ்டர் தோல் ஒன்றை, ரெமோவின் ஃபைபர்ஸ்கின் வகையை, எடுத்து இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டேன். வாங்கும் முன் கவனிக்க வேண்டியது: 11¾ என்று ஒரே அளவு எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி இழுவளையத்தின் (தோலைக் கீழே இழுத்துப் பிடிக்கும் வெளி வளையம்) வடிவமும் தோலின் கழுத்து (விளிம்பைத் தாண்டிக் கீழே மடங்கி இறங்கும் பகுதி) ஆழமும் மாறும். எந்த வளையத்துக்கு எது பொருந்தும் என்று பார்த்தே வாங்க வேண்டும். என்னுடைய இரண்டு வளையமும் கிட்டத்தட்ட ஒரே வடிவம் என்பதால் இந்தச் சோதனை முடிந்தது.

கேட்டதும் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. அதே மரக்கூடு உயிர் பெற்றது. ஸி-க்கு ஏறியது, ஸ்லாப் கிளம்பியது. இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தது உண்மை. ஃபைபரில் சத்தம் கூடுதல், மேலோசை கூடுதல். மரத்தில் ஓபன் டோனின் நடுப்பகுதி தடிமனாகக் கேட்டது. ஆனால் பழைய பதிவில் இருந்த பெரிய இடைவெளியில் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது. குற்றவாளி மரமில்லை, அதன்மேல் இருந்த தோல்.

செயற்கைத் தோலையே அப்படியே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். ஈரப்பதம் ஏறி இறங்கும் இடம், திறந்தவெளி மேடை, அடிக்கடி பயணம் என்றால் அதுதான் சரி, நானே அதைத்தான் சொல்வேன். சுருதி நிற்கும், சத்தம் தெளிவு. எனக்குக் குறையாகப் பட்டது உள்ளங்கைக்கும் விரல்நுனிக்கும் இடையிலான அசைவுகளில். உள்ளங்கையின் அடிப்பாகம், விரல்நுனி என்று மாற்றி மாற்றி மெதுவாக வாசிக்கும் இடத்தில் பாலியஸ்டரில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஓசை ஒட்டிக்கொள்கிறது. வீட்டுக்குள்ளேயே வாசிப்பவனுக்கு அது உறுத்தும்.

அடுத்து பழைய தோலைக் கழற்றினேன். நட்டுகளை ஒவ்வொன்றாக முழுசாகத் தளர்த்தக் கூடாது. வரிசையாகச் சுற்றி வந்து, ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு சுற்று மட்டும் விட்டு, மறுபடி சுற்றி வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தளர்ந்தால் வளையம் சாய்ந்து கூட்டின் விளிம்பில் அழுத்தும். எல்லாம் கழன்ற பிறகும் தோல் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. கையின் அடிப்பாகத்தால் கீழிருந்து மேலாகச் சுற்றித் தட்டியதும் விட்டது.

வெர்னியர் காலிப்பரின் வாய் தோலின் நடுப்பகுதிக்கு எட்டாது. எப்படியும் தூக்கிப்போடும் தோல் என்பதால் பட்டைப் பட்டையாக வெட்டி அளந்தேன். ஒரு பக்கம் 2.5 மில்லிமீட்டர், எதிர்ப் பக்கம் 3.6. எருமைத் தோல். விலங்கின் முதுகெலும்பு போகும் கோடு தோலில் லேசான நிற வித்தியாசமாகத் தெரியும். அந்தக் கோடு நடுவில் இல்லாமல் ஓரத்துக்கு அருகே ஓடியது. முதுகுப் பக்கம் தோல் தடித்தும் இறுகியும் இருக்கும், வயிற்றுப் பக்கம் மெலிந்து இழுபடும். அப்படி வெட்டிய தோலில் ஐந்து நட்டையும் சமமாக முறுக்கினாலும் இழுவை சமமாக இருக்காது. சுருதி ஏன் ஏறவில்லை, டோன் ஏன் நிற்கவில்லை என்ற இரண்டு கேள்விக்கும் அந்த அளவில் பதில் இருந்தது.

தோலைக் கழற்றிய கையோடு விளிம்பையும் பார்த்துவிட வேண்டும், இந்த வாய்ப்பு அடிக்கடி வராது. தடித்த கண்ணாடிப் பலகைமேல் கூட்டைக் கவிழ்த்து வைத்து, உள்ளே டார்ச் அடித்து, அறையை இருட்டாக்கிப் பார்த்தேன். மரக் காங்காவில் ஒரு விரல் நீளத்துக்கு வெளிச்சம் கசிந்தது, இரண்டு மூன்று காகிதம் நுழையும் இடைவெளி. தட்டையான பலகையில் 120 எண் உப்புத்தாளை ஒட்டி, அதன்மேல் கூட்டைக் கவிழ்த்து மெதுவாகச் சுற்றினேன். கசிவு நின்றதும் 220 எண் தாளால் கையால் விளிம்பின் வளைவைத் திரும்பக் கொண்டுவந்தேன். கூர்மையாக விட்டால் தோல் அந்த இடத்தில் வெட்டுப்படும். கடைசியில் மெழுகுவத்தியை விளிம்பு முழுக்கத் தேய்த்தேன். தோல் வழுக்கி ஓடவும், காயும்போது மரம் ஈரம் குடிக்காமல் இருக்கவும் இது போதும். ஃபைபரின் விளிம்பு சரியாக இருந்தது. இல்லாவிட்டாலும் ஃபைபர்கிளாஸைத் தேய்க்கும் முன் முகக்கவசமும் நீண்ட கை சட்டையும் கட்டாயம் வேண்டும், அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாதது.

தோலுக்குள் இருக்கும் உள்வளையத்தையும் கவனியுங்கள். இரும்புக் கம்பி வளையம் அது, தோல் சுற்றி மடிவது அதன்மேல்தான். என்னுடையதில் துரு பிடித்திருந்தது. ஈரத் தோலோடு சேர்ந்தால் துரு கறை படிந்து, அந்த இடத்தில் தோலை அரித்துவிடும். சுரண்டி எடுத்து, பெயின்ட் அடித்து, நன்றாகக் காயவிட்டு எடுத்து வைத்தேன். பற்றவைத்த இடம் மேடாக இருந்தால் அதையும் அரத்தால் ராவி வழுவழுப்பாக்க வேண்டும்.

இப்போது தோல் தேர்வு. இதில் அவசரப்படாமல் இருப்பது நல்லது.

எருமைத் தோல் கனமானது, நார் தளர்வானது. அடித்தால் உலர்ந்த, இருண்ட சத்தம். மேலோசை குறைவாக இருப்பது சிலருக்குப் பிடிக்கும். மாட்டுத் தோல் இறுக்கமானது, எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்பது, கனம் பல அளவில் கிடைக்கும். கோவேறு கழுதைத் தோலைக் காங்கா வாசிப்பவர்கள் விரும்புவதற்குக் காரணம் உண்டு. மெல்லியதாக இருக்கும்போதே இழுவையைத் தாங்கும், ஓபன் டோன் வெதுவெதுப்பாகவும் ஸ்லாப் கூர்மையாகவும் ஒரே தோலில் கிடைக்கும். விலை மாட்டுத் தோலைவிட அதிகம், கிடைப்பதும் கடினம்.

எந்த விலங்கு என்பதைவிடக் கனம்தான் முதலில் முடிவு செய்ய வேண்டியது என்பது என் கருத்து. மெல்லிய தோல் சீக்கிரம் மேலே ஏறும், விரல் பட்டாலே பேசும், ஆனால் மேலோசையும் நீட்டமும் (சத்தம் அடங்காமல் நீளும் நேரம்) கூடும். கனத்த தோல் அவற்றை அமுக்கும், பேஸுக்கு உடம்பு தரும், கைக்கு வேலை வைக்கும். மேலோசையைக் குறைவாகத் தரும் மரக்கூட்டுக்கு மெல்லிய தோல், அதிகமாகத் தரும் ஃபைபருக்குக் கனத்த தோல் என்று எதிரெதிராகப் பொருத்தத் தீர்மானித்தேன். மரத்துக்கு 2.3 மில்லிமீட்டர் கோவேறு கழுதைத் தோல். ஃபைபருக்கு 2.8 மில்லிமீட்டர் மாட்டுத் தோல். அதில் ஏற்கெனவே இருந்தது 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. குவின்டோவில் போட வேண்டிய தோல் அது, 11¾ அங்குல ஃபைபர் கூட்டில் அலறியதில் ஆச்சரியமில்லை.

வாங்கும்போது பார்த்தவை இவை. முதுகுக் கோடு வட்டத்தின் நடுவில் ஓட வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நிறம் பெரும்பாலும் ஒரே சீராகத் தெரிய வேண்டும், திட்டுத்திட்டாக வெளுத்திருந்தால் கனம் மாறுகிறது. வெள்ளைவெளேரென்று இருப்பது ரசாயனத்தில் வெளுத்ததாக இருக்கலாம், நார் பலவீனமாகியிருக்கும். உண்ணிக் கடித் தழும்பும் சிறு கீறலும் ஓரத்தில் இருந்தால் பரவாயில்லை, அடிபடும் இடத்தில் இருக்கக் கூடாது. காலிப்பரை எடுத்துப் போய் விளிம்பில் நான்கு திசையிலும் அளந்தால் கடைக்காரர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார். வட்டத்தின் அளவு டிரம்மின் வாயைவிட 5 முதல் 6 அங்குலம் பெரிதாக இருக்கட்டும். நான் எடுத்தவை 17 அங்குலம். இழுத்துப் பிடிக்க ஓரம் போதாமல் கொஞ்சம் திண்டாடினேன், 18 எடுத்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

வளையத்தோடு ஏற்றித் தயாராக விற்கும் தோலும் உண்டு. செலவு கூடும், ஆனால் ஊறவைத்து இழுக்கும் வேலை இல்லை. உங்கள் டிரம் கம்பெனிக்கே செய்ததாக இருந்தால் வாங்கலாம். வெறும் தோலை வாங்கி நாமே ஏற்றினால் செலவு நன்றாகக் குறைகிறது, கூட்டின் வடிவத்துக்கே தோல் படிகிறது.

ஊறவைக்கக் குளிர்ந்த சாதாரணத் தண்ணீர். வெந்நீர் கூடவே கூடாது. சூடு ஏறினால் பச்சைத் தோல் சுருங்கி வெந்துவிடும், பிறகு அது எதற்கும் ஆகாது. அகலமான தொட்டியில் இரவு முழுக்க முழுகிக் கிடக்கும்படி மேலே கனம் வைத்தேன். மெல்லிய தோலுக்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம். பலகைபோல் இருந்தது ஈரத் துணிபோல் மடங்கி, நடுவிலும் விறைப்பு இல்லாமல் இருந்தால் ஊறிவிட்டது.

ஏற்றும் முறை இது. ரோமம் இருந்த வழவழப்பான பக்கம் மேலே. முதுகுக் கோட்டைப் பென்சிலால் குறித்துக்கொண்டு நடுவில் வருமாறு தோலைக் கூட்டின்மேல் விரித்தேன். உள்வளையத்தைத் தோலின்மேல் இறக்கி, தொங்கும் ஓரத்தை வளையத்தைச் சுற்றி மேலே மடித்தேன். அதன்மேல் இழுவளையம். மடித்த ஓரம் இழுவளையத்தின் உள்பக்கமாக மேலே வரும், அதைக் குறடால் பிடித்து எதிரெதிர்த் திசையில் மாற்றி மாற்றி இழுத்துச் சுருக்கம் எடுக்க வேண்டும். பற்கள் பதியாமல் குறடின் வாயில் துணி சுற்றிக்கொண்டேன். பிறகு கொக்கி போல்ட்டுகளைப் போட்டுக் கையாலேயே நட்டை முறுக்கினேன். போல்ட் இழைகளில் முன்பே கிரீஸ் தடவியிருந்தேன்.

மரக் காங்காவை ஒருமுறை பிரித்து மறுபடி ஏற்ற வேண்டி வந்தது. முதலில் ஏற்றியபோது வளையம் தோலின் மட்டத்துக்கு அரை அங்குலம் கீழேதான் நின்றது. சுருதி ஏற்றும்போது இறங்கிவிடும் என்று விட்டேன். காய்ந்தபின் கழுத்து அப்படியே விறைத்துவிட்டது, வளையம் கொஞ்சம்தான் இறங்கியது, பேஸ் அடிக்கும்போது கையின் எலும்பு இரும்பில் மோதியது. மறுபடி ஊறவைத்தேன், வளையத்தை 1¼ அங்குலம் கீழே கொண்டுவந்து காயவிட்டேன். சுருதி ஏற்றியபின் அது இன்னும் கால் அங்குலம் இறங்கியது, கைக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. இயற்கைத் தோலில் இந்த வசதி பெரியது. வெட்டுப்படாத வரை ஊறவைத்து மறுபடி ஏற்றலாம். அதனால் ஓரத்தை நறுக்கும் வேலையைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். நறுக்கிவிட்டால் மறுபடி பிடித்து இழுக்க எதுவும் இருக்காது.

ஈரமாக இருக்கும்போது வேண்டிய ஆழத்துக்கு வளையத்தை இறக்குவதும், தோலை விறைப்பாக முறுக்குவதும் வேறு. வளையம் இறங்கினால் போதும், தோலில் தட்டிச் சுருதி கேட்கும் அளவுக்கு முறுக்கக் கூடாது. காயும்போது தோல் தானே சுருங்கும். இரண்டும் சேர்ந்தால் தோல் மெலிந்து, சத்தம் தகரம்போல் ஆகும், சில சமயம் விளிம்பிலேயே கிழியும்.

உலர்த்துவது நிழலில். வெயிலும் வேண்டாம், ஃபேனும் வேண்டாம். மேல்பக்கம் காய்ந்து மடிப்புக்குள் ஈரம் நின்றால் தோல் கோணலாக இறுகும். காற்றின் ஈரத்தைப் பொறுத்து 2 முதல் 4 நாள் ஆகும். மடிப்புப் பகுதியை நகத்தால் தட்டினால் பலகைச் சத்தம் வர வேண்டும், அதன்பிறகே கூர்மையான கத்தியால் ஓரத்தை வளையத்தோடு ஒட்டி நறுக்கினேன்.

சுருதி ஏற்றும்போது ஒவ்வொரு நட்டுக்கும் கால் சுற்று, வரிசையாக. இரண்டு சுற்று வந்ததும் அளவுகோலால் வளையத்தின் மேல்விளிம்பிலிருந்து தோல் மட்டம் வரை ஐந்து இடத்திலும் அளந்தேன். வித்தியாசம் 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும். ஒரே நாளில் ஸி-க்குப் போகவில்லை, ஏ-யில் ஓர் இரவு விட்டு மறுநாள் ஏற்றினேன். புதுத் தோல் முதல் சில வாரம் இளகிக்கொண்டே இருக்கும், இறங்கினால் பதறாமல் மறுபடி ஏற்ற வேண்டியதுதான்.

பழைய இடத்தில், பழைய தூரத்தில் போனை வைத்து மறுபடி பதிவு செய்தேன். மரக் காங்கா ஸி-யில் நிம்மதியாக நிற்கிறது, டி வரைகூட ஏற்றிப் பார்த்தேன், நட் முனகவில்லை. ஸ்லாபுக்கும் ஓபன் டோனுக்கும் இடையே இப்போது தெளிவான இடைவெளி. ஃபைபரில் நீட்டம் பாதியாகக் குறைந்தது, பேஸ் வயிற்றில் தெரிகிறது, சத்தம் இப்போதும் மரத்தைவிடக் கூடுதல்தான். அதன் ஸ்லாப் மட்டும் முன்பைவிடக் கொஞ்சம் மழுங்கியிருக்கிறது. 2.8-க்குப் பதில் 2.6 போட்டிருந்தால் அதுவும் கிடைத்திருக்கும் என்று படுகிறது. மழை நாளில் இரண்டுமே இறங்குகின்றன, பாலியஸ்டர் தோலைப் பத்திரமாக எடுத்து வைத்திருப்பது அதற்குத்தான்.

வாசித்து முடித்ததும் ஒவ்வொரு நட்டையும் ஒரு சுற்றுத் தளர்த்திவிடுகிறேன். நட்டின் ஒரு முகத்தில் பெயின்ட் புள்ளி வைத்திருப்பதால் அதே இடத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது சுலபம். காற்று வறண்ட நாளில் தோல் தானாக இறுகும்போது அந்தத் தளர்வுதான் அதைக் காப்பாற்றும்.

அடுத்து 12½ அங்குலத் தும்பா. அதற்கு 2.6 மில்லிமீட்டர் மாட்டுத் தோல், 19 அங்குல வட்டம், ஜி சுருதி என்று குறித்து வைத்திருக்கிறேன். உள்வளையத்தை முதலில் கழற்றித் துருப் பார்த்துவிட்டுத்தான் தோலுக்குச் சொல்லப்போகிறேன்.